காற்றாலை மேட்டில் ஒரு பஞ்சர்

— ஏய் டினே, காதுல விழுதா இல்லையா? கோச் நான் சொல்றேன், நிறுத்து!

— ஸ்டான் அண்ணே, ரேடியோ நல்லாத்தான் கேக்குது, மனசுதான் கேக்கல. முன்னால போறது ஆறே பேரு, அதுல நான் ஒருத்தி. என் முதல் ரோடு ரேஸுண்ணே!

— உன் பின்னாலயே வர்ற நம்ம தலைவி கட்லைனுக்குப் பஞ்சர். என் காரு பின்னால கூட்டத்துல மாட்டிக்கிட்டு நிக்குது. காத்தாலை மேடு ஏறுறதுக்கு முன்னால உன் சைக்கிளை அவகிட்ட குடுத்துடு.

— நான் இதுவரைக்கும் ஓட்டின சேத்துப் பந்தயத்துல பெத்த தாய்க்குக்கூட சைக்கிள் குடுக்க மாட்டோம்.

— ஒரு மணி நேரம் சேத்துல புரண்டுட்டு, வறுவலும் பீருமா கிளம்புற கதையெல்லாம் முடிஞ்சுதும்மா. இங்க ஒருத்தி ஜெயிக்க மத்தவங்க உழைக்கணும். உன்னை எதுக்கு டீம்ல எடுத்தேன்னு நினைச்ச?

— நல்லா ஓட்டுறேன்னு.

— உனக்கும் அவளுக்கும் சீட்டு உயரம் ஒண்ணு. அதுக்குத்தான்.

— அடப்பாவி மனுஷா!

— திட்டுறதை அப்புறம் வச்சுக்கோ. நிறுத்தினா டீம்ல இருப்ப. இல்லேன்னா நாளைக்கே உன் சேத்துக்குத் திரும்பிப் போயிடு.

— நிறுத்திட்டேன், போதுமா? வாங்க கட்லைன் அக்கா, என் வயித்தெரிச்சலோட ஏறுங்க.

— நல்லா இருடி கண்ணு. என்னோடதைப் பிடி. பின்சக்கரம் செத்துக் கிடக்கு.

— டினே, ஓரமா நில்லு. கார் வந்ததும் சக்கரம் மாத்தலாம்.

— நிக்கிறதா? தோள்ல தூக்கியாச்சுண்ணே! மேட்டு உச்சியில எல்லா டீமுக்கும் பொதுவான மெக்கானிக் நிக்கிறாருல்ல, அவர்கிட்ட மாத்திக்கிறேன். என் கால்ல பழைய சேத்து ஷூதான், அடியில முள்ளு இருக்கு. ஓடியே போயிடுவேன்!

— அந்த மேட்டுலயா? பைத்தியமா உனக்கு? டினே! சொன்னா கேக்க மாட்டா. தொலையட்டும். கட்லைன், நீ எப்படிப் போற?

— போறதா? மேடு பூரா டிராக்டர் சேறு, ஸ்டான். ஒருத்தி வழுக்கி விழுந்தா, பின்னால வந்த எல்லாரும் இறங்கிட்டோம். ஷூ நிக்கவே மாட்டேங்குது. ஜனங்க வேற ரெண்டு பக்கமும் கூடாரத்தை விட்டு வந்து காது கிழியக் கத்துறாங்க.

— நாசமாப் போச்சு! இந்தக் கார் டி.வி.யிலயும் ஒரே மழை, படமே தெரியல, பேரு மட்டும்தான் வருது. இரு, இரு... முதல்ல யாரு? அடியே கட்லைன்! நீதான்டி!

— நானா?

— நீயேதான்! உச்சியைத் தாண்டித் தனியாப் போயிட்டிருக்க! எப்படிடி?

— ஓ! அப்படியா சங்கதி... ஸ்டான், எனக்கு மூச்சு வாங்குது, பேச முடியாது. நீங்க விடாம கத்துங்க. கேக்க வேண்டிய காதுக்குக் கேக்கும்.

— போ தங்கம்! இறக்கத்துல பிரேக்கைத் தொடாத! திரும்பிப் பாக்காத, ஒரு நாயும் பின்னால இல்ல! சர்ச் தாண்டினா முடிவுக் கோடு! டினே, நீயும் கேட்டுக்க, ரோடு ரேஸுன்னா இதுதான்!

— கேட்டு... கேட்டுக்கிட்டே... இருக்கேண்ணே!

— உனக்கு எதுக்கு இப்படி இரைக்குது?

— சும்மா... சந்தோஷத்துல!

— மிதி கட்லைன், மிதி, மிதி! தாண்டிட்டா! ஐயோ, ஜெயிச்சுட்டா! கட்லைன், என் ராசாத்தி, நான் அழுறேன்டி! ஜென்மத்துல நீ இப்படி ஓட்டினதில்ல!

— ஓட்டினதில்லதான். அழுது முடிச்சுட்டுக் கேளுங்க ஸ்டான். சொல்லியிருந்தா அவளை மறுபடியும் நிறுத்தியிருப்பீங்க, அதான் வாயைத் திறக்கல. நேரம் பதிஞ்சு டி.வி.யில பேரு காட்டுற வில்லை சைக்கிள்லதான் ஒட்டியிருக்கு, என் உடம்புல இல்ல. நான் இன்னும் மேட்டுலதான் இருக்கேன், டினே சைக்கிளைத் தள்ளிக்கிட்டு.