நான்காவது டிஸ்க் சேர்த்த நாள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் தங்கராசு அவர்களே, கொள்ளிடத் தண்ணீரில் கரும்பு வளர்த்த கைகளே, மூத்த பெருமக்களே, முன்வரிசையில் மூன்று மணியிலிருந்து முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, திருமானூர் வட்டாரத்துத் தோழர்களே, வணக்கம்.

இன்றைய கூட்டத்தின் ஏழாவது தீர்மானம் என்னுடையது. சர்க்கரை ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் தற்காலிகமாக வேலை பார்க்கும் வளர்மதியை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்பது அது. மனுவில் நாற்பத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து இந்த இளையபெருமாளுடையது. பின்னால் உட்கார்ந்து சிரிக்கிற தர்மா, இரண்டாவது உன்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? ஐப்பசியில், நட்ட தேதி வரிசைப்படி கரும்பு வெட்ட உத்தரவு கொடுக்கிற நேரத்தில், பதிவு கவுண்டரை ஒன்றரை நாள் மூடினாள். ஏன் மூடினாள்? நடவுத் தேதி எழுதிய நம் பதிவுத்தாள்களும் வயல் வரைபடங்களும் இருக்கிற சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. மூன்று ஹார்டு டிஸ்க் சேர்ந்து சுமக்கிற ஏற்பாடு அது, ரெய்டு என்பார்கள். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டை வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். அதில் நான்காவதைச் சேர்த்து இடத்தைப் பெருக்க, பெரம்பலூரில் கடை வைத்திருக்கும் நஜீமுதீன் பாய் புது டிஸ்க்கோடு பஸ் ஏறி வந்திருந்தார்.

சேர்க்க வேண்டியதுதானே? முதலில் எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுக்க வேண்டும், அதுவரை யாரும் பதியக் கூடாது என்றாள். நான் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, ஒண்ணு போனா ரெண்டு காப்பாத்தும்னு நீதானே சொன்ன? அப்பறம் எதுக்கு இன்னொரு நகலு?"

"ஒண்ணு போனா காப்பாத்தும்ங்க ஐயா. இப்ப உள்ள இருக்கறதையெல்லாம் எடுத்து நாலுலயும் பிரிச்சு வைக்கப் போறோம். மூணும் ஒரே நாள்ல வாங்குன பழசு. பாதியில ரெண்டு நின்னுட்டா ஒண்ணும் மிஞ்சாதுங்க."

"நின்னா பாத்துக்கலாம். கதவத் தெற."

"நாளைக்குத் தெறக்கறேன்ங்க."

அவள் திறக்கவில்லை, நாங்களும் விடவில்லை. வாசலிலேயே மறியல். அன்று நான் பேசிய பேச்சைத் தாய்மார்கள் முன்னால் திருப்பிச் சொல்ல முடியாது. அங்கேயே உட்கார்ந்து மனுவையும் எழுதினேன்.

முந்தாநாள் பெரம்பலூர் பஸ்ஸில் நஜீமுதீன் பாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொல்லித்தான் மீதி தெரியும். நகல் முடிந்து, நான்காவது டிஸ்க்கைச் சேர்த்து, மூன்றில் ஒரு பங்கு வேலை ஆனபோது பழைய டிஸ்க் ஒன்று நின்றிருக்கிறது. கால் மணி நேரத்தில் இன்னொன்றும் நின்றது. நம் வட்டாரத்துப் பதிவு அத்தனையும் போயிற்று. பாய் ஓடிப்போய் வேறு டிஸ்க் கொண்டுவர, டேப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றியிருக்கிறாள்.

"அல்லாஹ் கிருபையில ஒரு தேதி மாறலண்ணே. ஆனா வெளிய சொல்ல வேணாம்னுச்சு அந்தப் புள்ள. பதிவு அழிஞ்சுச்சுன்னு தெரிஞ்சா, ஆளாளுக்கு நான்தான் முந்தி நட்டேன்னு வந்து நிப்பாங்க, வெட்டுக்குத்து ஆயிடும்னுச்சு."

ஆகாதா? நடவுத் தேதி போனால் யார் முந்தி, யார் பிந்தி? யார் கரும்பு ஆலைக்குப் போகும், யார் கரும்பு வயலிலேயே காயும்? நான் நட்டது தை ஏழு. என் பங்காளி வீரமுத்து நட்டது தை ஒன்பது. அந்த இரண்டு நாளை வைத்துத்தான் கார்த்திகையில் அவனுக்கு முன்னால் வெட்டினேன். அந்த இரண்டு நாளை எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தவளைத்தான் வீட்டுக்கு அனுப்பு என்று எழுதினேன். ஏச்சையும் வாங்கிக்கொண்டு, காரணத்தையும் சொல்லாமல், நமக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் மறைத்ததை நான் இங்கே சொல்வது, ஒரு தேதியும் மாறவில்லை என்பதால்தான்.

தலைவர் அவர்களே, ஏழாவது தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன். இதோ, என் கையெழுத்தை அடித்துவிட்டேன். இன்னும் நாற்பத்தொன்று இருக்கிறது. என்ன அங்கே, அப்புறம் பார்க்கலாமா? அப்புறம் என்பது கிடையாது. நாளைக் காலையில் ஆலை மேலாளர் இந்த மனுவின் மேல் முடிவெடுக்கிறார்.

வளர்மதி இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. கவுண்டரில் உட்கார்ந்து நமக்குத்தான் பதிவு போட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கிருந்து நேரே அங்கேதான் போகிறேன். மறியலுக்கு முதல் ஆளாக உட்கார்ந்தவன், மன்னிப்புக் கேட்கவும் முதல் ஆளாக நிற்கிறேன். எனக்குப் பின்னால் நாற்பத்தொரு பேருக்கு இடம் இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி, வணக்கம்.