கேப்டன் கிரவல் வீட்டுக் கதவின் ஓட்டை

தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஆபதியா அய்யா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர் நிர்வாகப் பெரியவர்களே, மே மாதச் சேற்றில் வண்டி பூட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, கணவரை இழந்து நிற்கும் கெசையா கிரவல் அம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இடப்பக்கத்து வரிசைகளில் நீல மேலங்கியோடு உட்கார்ந்திருக்கும் பெல்டிங்டன் தொண்டர் படையினரே! உங்களுக்கும் வணக்கம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாக்கு எழவில்லை. பேசி முடிக்கும்போது எழுகிறதா பார்க்கிறேன்.

ஜோதம் கிரவல் யார்? ஒன்பது ஆண்டுகள் இந்தப் படையின் கேப்டன். வண்டிச் சக்கரம் செய்து பிழைத்தவர். சம்பளம் வாங்காத கேப்டன். இந்த ஊருக்குத் தீயணைக்கக் கூலிக்கு ஆள் உண்டா? வெள்ளம் வந்தால் பாலத்தைக் கயிறு கட்டி நிறுத்த அரசாங்கம் ஆள் அனுப்புகிறதா? இல்லை! முரசு ஒலித்தால் ஏர் கலப்பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருகிற நாற்பது பேர்தான் உண்டு. அந்த நாற்பது பேருக்கும் முன்னால் ஓடியவர் ஜோதம் கிரவல்.

ஆற்றங்கரை ஆலை தீப்பிடித்த அந்த ஜனவரி மாதக் குளிர் நினைவிருக்கிறதா? ஆற்றில் பனிக்கட்டியை உடைத்து, அந்தத் துளைக்குள் முழங்கால் வரை இறங்கி நின்று வாளி வாளியாக மொண்டு கொடுத்தார். வரிசையில் நின்றவர்கள் தீயைப் பற்றிக் கதை பேசத் தொடங்கினார்கள். அங்கிருந்தே கத்தினார்: "கையில வாளி இருக்கும்போது வாயில என்னடா பேச்சு? அடுத்தவன் கையில குடு!" அவ்வளவுதான், வாளிகள் பறந்தன.

இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறாரே பெத்துவேல் டட்டில், இவரைக் காட்டில் காணவில்லை என்று முரசு அடித்தோம். கைக்குக் கை எட்டும் தூரத்தில் எல்லோரையும் ஒரே வரிசையாக நிறுத்தி, மலைச்சரிவு முழுக்க அரித்தெடுத்தார் கேப்டன். கடைசியில் ஒரு மரக்கட்டை மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார் நம் டட்டில்.

"மாட்டைத் தேடி வந்தேன். நீங்கல்லாம் யாரைத் தேடுறீங்க?"

"உங்களைத்தான் தேடுறோம்."

"நான் எங்க போனேன்? இங்கதானே இருக்கேன்!"

சிரியுங்கள், சிரியுங்கள். கேப்டனும் அன்று சிரித்தார். பிறகு டட்டிலை வீட்டில் சேர்த்துவிட்டு, திரும்பவும் காட்டுக்குள் போய் அந்த மாட்டையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் காய்ச்சலிலா போனார்? எதிரியின் குண்டிலா போனார்? தன் வீட்டு வாசலில், தன் படையின் துப்பாக்கியால் போனார்!

நம் ஊரில் ஒரு வழக்கம். அணிவகுப்பு நாளின் விடியலில் கேப்டன் வீட்டு வாசலில் கூடி, துப்பாக்கியில் குண்டில்லாமல் வெடிமருந்தும் துணியடைப்பும் மட்டும் கெட்டித்து, வானத்தைப் பார்த்து வெடி போட்டு அவரை எழுப்புவது. அவர் கதவைத் திறந்து எல்லோருக்கும் ரம் ஊற்றுவது. மரியாதை என்றுதான் இதற்குப் பெயர். சென்ற ஆண்டு இந்த மரியாதையில் புகைந்து பறந்த ஒரு துணியடைப்பு இதே டட்டிலின் களஞ்சியத்தில் விழுந்தது. கொளுத்தியதும் படை, அணைக்க வாளி தூக்கியதும் படை. இதை விடக் கேவலம் உண்டா?

அதனால்தான் இந்த ஆண்டு கேப்டன், லெப்டினன்ட் லெமுவேல் ஸ்டிக்னியின் மதுவிடுதியில் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து சொன்னார். நானும் ஒரு மூலையில் இருந்தேன்.

"இந்த வருஷம் என் வாசல்ல வெடியும் வேணாம், ரம்மும் வேணாம். சூடா காப்பி இருக்கும், இஞ்சிக் கேக் இருக்கும். சாப்பிட்டுட்டுத் தெளிவா மைதானத்துக்கு வாங்க."

"காப்பியைக் குடிச்சுட்டு எதிரியைத் தும்மியா விரட்டறது, கேப்டன்?" என்றார் ஸ்டிக்னி.

"எதிரி எங்க இருக்கான், லெமுவேல்? போன வருஷம் நாம ஜெயிச்சது பெத்துவேலோட களஞ்சியத்தை."

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "கேப்டன் போதகராயிட்டார்டா!" விடுதியே சிரித்தது.

அணிவகுப்பு நாளும் வந்தது. விடியும் முன்பே விடுதியில் வயிறு முட்டக் குடித்தீர்கள். வேண்டாம் என்று சொன்ன மனிதரின் வாசலுக்கு வேண்டுமென்றே போனீர்கள். "கதவைத் திற கேப்டன், தொண்டை காயுது!" என்று பாடினீர்கள். வழக்கத்தில் வானத்தைப் பார்க்க வேண்டிய துப்பாக்கிகளைக் கேலிக்காகக் கதவுக்கு நேராகத் திருப்பினீர்கள். குண்டு இல்லை என்ற தைரியம்! ஆனால் உங்களில் ஒருவன், மருந்தைக் குழலுக்குள் இடித்துத் தள்ளும் இரும்புக்கோலை வெளியே எடுக்க மறந்துவிட்டான். கோல் குழலுக்குள் இருக்கும்போதே விசையை அழுத்தினான்.

கதவுக்கு உள்பக்கம் என்ன நடந்தது? உங்களுக்குத் தெரியாது. கெசையா அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சத்தம் கேட்டும் கேப்டன் கோபப்படவில்லை. "சொன்னா கேட்க மாட்டானுங்க. சரி, பசங்க குளிர்ல நிக்கிறானுங்க. காப்பியைக் கொண்டா" என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளில் கை வைத்தார். பலகையைத் துளைத்து வந்தது அந்தக் கோல்.

இதுவரை நடந்தது குடிவெறி. குடிவெறியையாவது நான் மன்னித்துத் தொலைப்பேன். அதற்குப் பிறகு தெளிந்த புத்தியோடு செய்தீர்களே, அதை எப்படி மன்னிப்பேன்?

மரண விசாரணைக்கு எல்லோரும் துப்பாக்கியோடு வர வேண்டும் என்று உத்தரவு. ஒரு துப்பாக்கிக்கு ஒரு கோல்; கோல் இல்லாத துப்பாக்கி எதுவோ, சுட்டது அதுதான். சின்னப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு. வந்தீர்கள். என்ன அதிசயம்! ஒரு துப்பாக்கியிலும் கோல் இல்லை! "வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்யா." "எங்கயோ விழுந்துடுச்சுங்க." லெப்டினன்ட் ஸ்டிக்னி என்ன சொன்னார்? "இடிகோல்ங்கறது அடிக்கடி தொலையற சாமான்யா."

ஒன்பது ஆண்டுகள் அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தினாரே, ஒருநாளாவது நாற்பது பேரும் ஒரே மாதிரி கால் வைத்தீர்களா? ஒருவன் இடது, ஒருவன் வலது, ஒருவன் வேலியோரம்! அவர் செத்த பிறகு, அவரைக் கொன்றவனை மறைப்பதற்கு, நாற்பது பேரும் பிசகாமல் ஒன்றாகக் கால் வைத்தீர்கள். வெட்கமாக இல்லையா?

உங்களில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். வகுப்பில் ஒருவன் பலகையை உடைப்பான். பெஞ்சு முழுக்க, "தெரியாதுங்கய்யா" என்று நிற்கும். நண்பனைக் காப்பாற்றுவதாக நினைப்பு. ஆனால் நான் கண்டது என்ன? உடைத்தவனுக்குத்தான் அன்று சோறு இறங்காது. மற்றவர்கள் மறந்துவிட்டு விளையாடப் போவார்கள். அவன் மட்டும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். நீங்கள் அவனைக் காப்பாற்றவில்லை, அய்யா. அவன் வாயை அடைத்துவிட்டீர்கள்.

இந்தப் படையையே கலைத்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கலைத்துவிட்டு? இன்றைக்கு என் வீடு பற்றி எரிந்தால் யார் வருவார்? இதே நாற்பது பேர்தான் வருவார்கள்! எனக்கு எரிச்சலே அதுதான். உங்களை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வேண்டும் என்று சொல்ல வாய் கூசுகிறது.

இந்தக் கூட்டம் முடிந்ததும் கல்லறைக்குப் போய் மூன்று முறை வெடி முழக்கப் போகிறீர்களாம். நாளை புதிய கேப்டன் தேர்தலாம். அதற்கு விடுதியில் ரம் பீப்பாயும் தயாராம். கேளுங்கள்: அந்த மனிதரின் தலைமாட்டில் ஒரு வெடிச்சத்தம் கேட்கக் கூடாது. இது என் கட்டளை இல்லை, அவர் மனைவியின் சொல்.

வெடிக்குப் பதிலாக அவர் கற்றுக்கொடுத்ததைச் செய்யுங்கள். பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொருவரும் கோலைக் குழலுக்குள் விடச் சொல்வாரே? வெறும் குழல் மணி போல ஒலிக்கும். மருந்திருந்தால் மந்தமாகத் தட்டும். காதைக் கொடுத்துக்கொண்டே வரிசை நெடுக நடப்பார். "உன்னது பாடுது. உன்னது பாடுது. டேய், உன்னது இருமுது, போய்க் காலி பண்ணிட்டு வா!" அந்த ஒலியை அவருக்குக் கேட்கச் செய்யுங்கள். ஒளித்து வைத்த கோல்களை எடுத்து வாருங்கள். முப்பத்தொன்பது துப்பாக்கிகள் பாடட்டும். ஒன்று ஊமையாக நிற்கட்டும். பக்கத்தில் நிற்பவனே, அவனுக்கு உன் கோலை இரவல் கொடுக்காதே!

இனி அணிவகுப்பு நாளில் ரம் இல்லை, வாசலில் வெடி இல்லை, ஒலி கேட்காமல் ஒரு துப்பாக்கியும் கெட்டிக்கப்படாது என்று உறுதி சொல்பவர்கள் எழுந்து நில்லுங்கள். முரசு கேட்டால் அவரைப் போல முன்னால் ஓடுவோம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள். வாளி தூக்க எனக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் வரிசையில் நிற்பேன்; கைக்கு வந்ததை அடுத்தவன் கையில் கொடுப்பேன்.

நல்லது. நின்றபடியே கேளுங்கள். உங்களுக்கு இப்போது வணக்கம் சொல்கிறேன், ஒருவனைத் தவிர. அவனுக்கு ஒரு செய்தி இருக்கிறது.

கெசையா அம்மா மடியில் துணி சுற்றி வைத்திருப்பது குடை அல்ல. விசாரணை முடிந்ததும் அதை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். நேற்று அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அவனைத் தூக்குல போடுங்கன்னு நான் கேட்கலை, வாத்தியாரய்யா. இது அவனோட சாமான். இது இல்லாம அவன் துப்பாக்கி எதுக்கு ஆகும்? வந்து வாங்கிட்டுப் போகட்டும். பகல்ல வரட்டும், கதவைத் தட்டிட்டு வரட்டும். அவன் வர்ற வரைக்கும் அந்த ஓட்டையை நான் அடைக்க மாட்டேன். அவரு குடுக்கணும்னு சொன்ன காப்பி இன்னும் பாக்கி இருக்கு."

கெசையா அம்மா இன்று மாலை வீட்டில்தான் இருப்பார்.