கோட்டோடு கோடு

திறந்த காரில் போவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. தலைமுடி கலைந்துவிடும், பேசுவதில் பாதி காற்றோடு போய்விடும், சட்டைக் காலரில் தூசி படியும். இன்று காலை அதில் ஏறியது என் தம்பி மகள் கூப்பிட்டதால்தான். அவள் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னை இங்கே காரில் கொண்டுவந்தது அவள். ஸ்டேஷன் படியேறி உங்கள் முன் வந்து உட்கார்ந்தது நானாகத்தான். இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளாகவே எனக்குப் பயம். அது எப்படி வந்தது என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாக விளங்கிவிடும்.

எங்களுடையது அப்பா ஆரம்பித்த பட்டறை. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நட்டை முடுக்கி முடித்ததும், சின்ன உளியை வைத்து நட்டின் மேலும் அது உட்காரும் இடத்தின் மேலும் சேர்த்து ஒரு கோடு கீறுவோம். அந்த உளியை எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான் தொடுவோம். நட்டு தளர்ந்தால் கோடு இரண்டாக விலகும். பார்த்த உடனே தெரிந்துவிடும். பிறகு யாராவது கழற்றி மாட்டினால், கோட்டோடு கோடு சேரும் வரை முடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு முடுக்கு வேண்டாம், குறையவும் வேண்டாம். அந்தக் கோடு இருந்தால் எங்கள் வேலை என்று ஊருக்கே தெரியும். கோடு விலகிய வண்டி ஒன்றுகூட எங்கள் பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை.

என் தம்பியை எல்லோரும் 'காத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவனுடையது. அதில்தான் அவன் போய்ச் சேர்ந்தான். மலை இறக்கத்தில், புளியமரத்து வளைவில், கார் மரத்தை உரசிக்கொண்டு நின்றது. அவன்தான் நிற்கவில்லை. வேகம் என்றார்கள். அவன் வேகத்தைப் பார்க்காதவர் ஊரில் இல்லை என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. காரை நானே இழுத்துவந்து பின்கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

விற்றிருக்கலாமே என்பீர்கள். விற்றால் வேறொரு பட்டறைக்காரன் பானெட்டைத் திறப்பான். உடைக்கக் கொடுத்தாலும் எவனோ ஒருவன் திறப்பான். பூட்டி வைத்தால் சாவி என் இடுப்பில் இருக்கும்.

தம்பி மகளை வளர்த்தது நான்தான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆம்பிளைப் பையன்களே கையைக் கழுவிக்கொண்டு ஓடுகிற தொழிலை அவள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டாள். இப்போது பட்டறையை நடத்துவது அவள். நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்வது நான். ஒரு நாள் வந்து கையை நீட்டினாள்.

"பெரியப்பா, கொட்டகைச் சாவி."

"எதுக்கு?"

"அப்பா காரைத் தட்டி எழுப்பப் போறேன்."

"துருப்பிடிச்ச தகரம்மா அது. எலி குடும்பம் நடத்திட்டு இருக்கு."

"எலிக்கு நோட்டீஸ் குடுத்துக்கலாம். துருவை உரிச்சுக்கலாம். உங்க பிடிவாதத்துக்குத்தான் ஸ்பேர் பார்ட் கிடைக்கல. குடுங்க."

என்னென்னவோ காரணம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். அதற்கு மேல் மறுத்தால் ஏன் மறுக்கிறேன் என்ற கேள்வி வரும். கொடுத்தேன்.

தார்ப்பாயை இழுத்தபோது புழுக்கை நாற்றம் குப்பென்று வந்தது. சீட்டுக்குள் எலிக்கூடு. ஒயர்களைக் கடித்துத் துப்பியிருந்தது. டேங்கில் இருந்த பெட்ரோல் பிசினாகிக் கார்ப்புரேட்டரின் சின்னத் துளைகளையெல்லாம் அடைத்திருந்தது. அவள் அவசரப்படவில்லை. முதலில் பேட்டரி. பிறகு ஸ்பார்க் வருகிறதா. வந்தது, பலவீனமாக. பிளக்கை மாற்றினாள், இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பிறகு பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று குழாய் குழாயாகத் தேடினாள்.

"எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திட்டா சீக்கிரம் முடியுமே" என்றேன். முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

"ஒரு நேரத்துல ஒரு சந்தேகம்தான் பெரியப்பா. ரெண்டை ஒண்ணா மாத்தினா எது குத்தவாளின்னு கடைசி வரைக்கும் தெரியாது."

அவள் ஒரு பழுதைத் தீர்க்கும்போதெல்லாம் மிச்சம் எத்தனை என்று எண்ணுவேன். ஒவ்வொன்றாக நிரபராதி என்று ஒதுக்கிக்கொண்டே வருகிறாள். அடுத்தது அடுத்தது என்று வருகிறாள். இன்ஜின் உறுமிய அன்று பட்டறையே கைதட்டியது. நானும் தட்டினேன். மிச்சம் இருந்தது பிரேக் மட்டும்.

பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பானெட்டுக்கு அடியில் இருக்கும். அதில் குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு நட்டு. அவள் ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டுதான் குனிந்தாள். ஆனால் நட்டு விரலுக்கே கழன்று வந்துவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன், சத்தம் போடும் என்று.

"நம்ம கோடு இருக்கு இதுல" என்றாள்.

"இருக்கும்."

"யாரு போட்டது?"

"உங்கப்பனாத்தான் இருக்கும். அவன் வண்டியை அவன்தான் தொடுவான்."

"ம்." நட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணியால் துடைத்தாள். "திரும்ப மாட்டறப்ப?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் பட்டறையில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. "வழக்கம்போலத்தான். கோட்டோட கோடு."

"சரி பெரியப்பா" என்றாள்.

நீங்கள் பட்டறைக்காரர் இல்லை, அதனால் விளக்குகிறேன். அந்தக் கோட்டோடு கோடு சேர்த்தால் அந்த நட்டு விரல் முடுக்கில்தான் நிற்கும். பார்வைக்கு முடுக்கினது போலவே இருக்கும். நாலு தெரு சுற்றி வந்தால் தாங்கும். மலை இறக்கத்தில் மிதிமிதியென்று மிதிக்க மிதிக்க எண்ணெய் கசிந்து, கடைசியில் மிதி தரையோடு போய்விடும். எனக்கு இது தெரியும். ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

இன்னும் அரைச் சுற்று முடுக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்பாள். அந்தக் கோடு நட்டு தளர்வாக இருக்கும்போதே கீறப்பட்டது, கீறியவனுக்கு அது தெரியும் என்பது அந்த அரைச் சுற்றிலேயே இருக்கிறது. அவள் புத்திசாலி. எப்படியும் அவளே கவனித்து முடுக்கியிருப்பாள் என்று நான் நம்பினேன். நம்பிக்கைதானே வீட்டைத் தாங்குவது.

நேற்று சாயங்காலம் அவள் தனியாக முதல் ஓட்டம் கிளம்பினாள். நான் வாசலில் நின்று கையசைத்தேன். அவள் திரும்பும்வரை உள்ளே போய் உட்கார முடியவில்லை. தெருமுனையில் சிவப்பு தெரிந்த பிறகுதான் உள்ளே போனேன். இதைவிட அன்பு வேறென்ன இருக்க முடியும், சொல்லுங்கள்.

இன்று காலை, "வாங்க பெரியப்பா, ஒரு சுத்து" என்றாள். பட்டறையே பார்த்துக்கொண்டிருந்தது. வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயந்தவன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை.

அவள் மலைப்பக்கம் திருப்பினாள்.

"இந்தப் பக்கம் எதுக்கு?"

"அப்பா போன வழி. பிரேக்கைப் பாத்துடலாம்."

"பிரேக் நல்லா பிடிக்குதா?"

"நீங்க சொன்ன மாதிரிதான் மாட்டியிருக்கேன்."

உச்சியைத் தாண்டிக் கார் இறங்க ஆரம்பித்தது. அவள் மிதிக்கும்போதெல்லாம் என் காலும் தரையை அழுத்தியது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு துளி என்று என் மனசுக்குள் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று காதை அறைந்தது. பக்கத்தில் பள்ளம். அவள் முகத்தைப் பார்த்தேன்; ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி இருந்தாள்.

"அப்பா இங்க என்ன வேகத்துல வந்திருப்பார்?"

"மெதுவாப் போம்மா."

"வேகம்தான் அவரைக் கொன்னுதுன்னு சொல்லித்தானே வளர்த்தீங்க. நான் மெதுவாத்தான் போறேன்."

புளியமரம் தெரிந்தது. அதற்கப்புறம் என் வாயிலிருந்து வந்ததை நான் பேசினேன் என்று சொல்ல முடியாது. தானாக வந்தது.

"மிதிக்காதே. கியரைக் குறை. பிரேக் நிக்காது. அந்த நட்டு விரல் முடுக்குதான்."

"எந்த நட்டு பெரியப்பா?"

"மாஸ்டர் சிலிண்டர் நட்டு. கோடு போட்டது."

அவள் காலை அழுத்தினாள். கார் ஆணி அடித்தது போல நின்றது. மரத்துக்கு இந்தப் பக்கம், நல்ல இடைவெளியில். இன்ஜினை அணைத்தாள். சூடான இரும்பு டிக் டிக்கென்று சுருங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மாட்டின அன்னிக்கே முடுக்கிட்டேன்" என்றாள். "ஸ்பேனர் வெச்சா இன்னும் அரைச் சுத்து போச்சு. கோடு விலகிடுச்சு. அப்பா இடது கைக்காரர்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. இந்தக் கோடு சாஞ்சிருக்கற விதம் வலது கைக்காரர் இழுத்தது. அப்புறம் தாத்தா. தாத்தா இந்த வண்டி வர்றதுக்கு முன்னாடியே போயிட்டார். ஒவ்வொரு சந்தேகமா எடுத்துட்டேன். மிச்சம் நீங்கதான்."

நான் கதவுக் கைப்பிடியைத் தேடினேன்.

"அப்பவும் நம்பல. நேத்து தனியாக் கிளம்பினேன். இப்பவாவது சொல்லிடுவார், முடுக்கினியான்னு ஒரு வார்த்தை கேட்டுடுவார்னு வாசல்லயே வண்டியை உறும விட்டுட்டு இருந்தேன். கையசைச்சீங்க." ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு நீங்க உள்ள உக்காந்ததும் சொல்லிட்டீங்க."

அவள் அப்படிப் புரிந்துகொண்டது எனக்கு வருத்தம். நான் கத்தியது அவளுக்காக. பக்கத்து சீட்டில் நான் இருந்தது தற்செயல்.

காரணம் கேட்கிறீர்கள். காத்து எங்கள் பட்டறையைக் கூட்டுகிறவரின் மகளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. விபத்து நடந்த அன்று அவளை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துவரக் கிளம்பினான். "அண்ணே, வாசல்ல நின்னு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றான். எங்கள் அப்பா நின்ற வாசல் அது. நான் அவனோடு சண்டை போடவில்லை. ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. "வண்டியை ஒரு பார்வை பாத்துத் தரேன், தூரம் போறே" என்றேன். சந்தோஷப்பட்டான். என்னைக் கட்டிக்கொண்டான்.

குழாயை விரலால் மட்டும் பொருத்தினேன். பிறகு கை தானாக உளியை எடுத்துக் கோடு கீறிவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம். வேலை முடிந்தால் கோடு.

பின்னால் ஒருநாள் போய் அந்த நட்டை முடுக்கிவிடலாம் என்று ஸ்பேனரோடு கொட்டகைக்குப் போனதுண்டு. முடுக்கினால் கோடு விலகும். விலகிய கோட்டோடு எங்கள் பட்டறையில் ஒரு வண்டி நிற்பதா? பூட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பிள்ளை பிறந்ததும் போய்ப் பிள்ளையை மட்டும் தூக்கிவந்தேன். எங்கள் ரத்தம். அந்தப் பெண் தெருக்கோடி வரை பின்னால் ஓடிவந்தாள். அழுதாள். அழத்தான் செய்வாள், அதில் தவறு சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. வெளியே இருக்கிறாள், கேட்டுப் பாருங்கள்.

ஆக, செய்தது நான்தான். தெரிந்து செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு இடம் சரியில்லை. "நட்டு தளர்ந்ததால்" என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அவள் ஸ்பேனர் வைக்கும்வரை கோட்டோடு கோடு சேர்ந்தே இருந்தது. எங்கள் பட்டறையில் நாங்கள் கோடு போட்ட எதுவும் இன்றுவரை தானாகத் தளர்ந்ததில்லை.