பெரியவன் துடைத்த மேகசின்

முதலில் அந்த மேகசினை மேஜை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். கீழே விழுந்தால் வாய் நசுங்கும். வாய் நசுங்கினால் தோட்டா நேராக ஏறாது. நல்ல பொருள், கெடுக்க வேண்டாம்.

பாயிண்ட் டூ டூ ரைஃபிளுக்குத் தோட்டா அடுக்கும் மேகசின்தானே என்று பலர் அதைக் கவனிப்பதே இல்லை. உண்மையில் பெரிய துப்பாக்கியைவிட இதற்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும். இந்தச் சின்னத் தோட்டாக்களின் ஈயத் தலையில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது உள்ளே ஒட்டும். அதன்மேல் கரி, நாங்கள் வேட்டையாடுகிற கடல்நாயான சீலின் ரோமம், பாக்கெட்டில் கிடந்த ரொட்டித் தூள் எல்லாம் ஒட்டும். அதனால் கழற்றித் துடைக்க வேண்டும்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. உள்ளே தோட்டா இல்லையென்று பார்த்துக்கொண்டு அடித்தகட்டை மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது கட்டைவிரல் அழுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் பறந்து அலமாரிக்கு அடியில் போய்விடும். அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பது ஞாபகத்தில் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் தலையில் தோட்டாக்களை மேலே தள்ளுகிற சின்னத் தட்டு ஒன்று இருக்கும். எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்துத் திரும்பக் கோத்துவிட்டால் முடிந்தது.

எண்ணெய் மட்டும் போடக் கூடாது. வடகோடியில் இருக்கும் எங்கள் ஊர்க் குளிரில் எண்ணெய் கூழாகிவிடும். தெற்கிலிருந்து வேலைக்கு வருகிற வாத்தியார்கள்தான் முதல் வருஷம் அந்தத் தப்பைச் செய்வார்கள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

போலீஸ்காரரானாலும் நீங்களும் தெற்கிலிருந்து வந்தவர். அதனால்தான் இந்த மேகசினை நீங்கள் மோந்து பார்க்கவில்லை. ஹெலிகாப்டரில் வந்து நேராக எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால், நான் போன் செய்து உங்களை வரவழைக்கும் வேலையே இருந்திருக்காது.

என் பெயர் தோபியாஸ். ஊர் மின்நிலையத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிறேன். இறந்துபோன மமாருட் என் தம்பி. அவன் வேட்டைக்காரன். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இரண்டே பேர். நான் பெரியவன், அவன் சின்னவன். அம்மா எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

அம்மாவின் பெயர் இனாலுக். அவள் இறந்த குளிர்காலத்திலேயே மமாருட்டின் மனைவி செசிலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் போனால், அடுத்துப் பிறக்கிற குழந்தைக்கு அந்தப் பெயரை வைப்போம். பெயர் வந்தால் ஆளும் வந்தாயிற்று. இது ஏதோ ஞாபகார்த்தம் என்று நினைக்காதீர்கள். வந்தாயிற்று என்றால் வந்தாயிற்றுதான். இனாலுக் என்று பெயர் வைத்த அந்த ஐந்து வயசுப் பெண்ணை நாங்கள் இரண்டு பேரும் அம்மா என்றுதான் கூப்பிட்டோம். அவளும் எங்களைப் பிள்ளைகளாகத்தான் நடத்தினாள். மமாருட் வேட்டையிலிருந்து வந்ததும், "சின்னவனே, ஷூவைக் கழட்டு, கால் ஈரம்" என்று சொல்லி அவன் மடியில் ஏறி உட்காருவாள்.

என்னைப் பார்த்தால், "பெரியவனே, கதவைச் சாத்து" என்பாள்.

அம்மா உயிரோடு இருந்தபோதும் என்னிடம் அதைத்தான் அதிகம் சொன்னாள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. கதவு பக்கத்தில் நிற்பவனிடம்தானே சொல்ல முடியும்.

மார்ச் மாதம் மமாருட் என்னிடம் வந்து உட்கார்ந்தான். காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, நாங்க டென்மார்க் போறோம். ஆல்போர்க்ல செசிலியோட அக்கா இருக்கால்ல, அவ வீட்டுக்காரர் துறைமுகத்துல எனக்கு வேலை பேசிட்டார்."

"எப்பத் திரும்புவீங்க?"

"திரும்பறதா இருந்தா ஏண்ணே போறேன்? பனி வருஷத்துக்கு வருஷம் மெலிசாகுது. எம் பொண்ணு பனிக்கு நடுவுல நின்னு சாகறதுக்கா?"

"அம்மாவை நீ கூட்டிட்டுப் போறே."

"எம் பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "நாய்ங்களை உனக்கு விட்டுட்டுப் போறேண்ணே. எல்லாம் உனக்குத்தான்."

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவன் எனக்கு நாய்களைக் கொடுத்தான். அம்மாவை எடுத்துக்கொண்டான். நான் சரி என்றேன்.

அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் ஊருக்கெல்லாம் காப்பி விருந்து. விருந்துக்குப் புதுசாக ஒரு சீல் வேண்டும். ஏப்ரல் மாதம், சீல்கள் பனிமேல் ஏறி வெயில் காயும் சமயம். விருந்துக்கு முதல் நாள் காலையில் போவதென்று மமாருட் முடிவு செய்தான். அதற்கு முந்தின சாயங்காலம் அவன் வீட்டுச் சமையலறை மேஜையில் நான் மேகசினைக் கழற்றினேன். எப்போதும் நான்தான் செய்வேன். மமாருட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"உனக்கு வேற பொழைப்பே இல்லையாண்ணே? அதைத் துடைக்கிற நேரத்துல ஒரு கல்யாணம் பண்ணியிருக்கலாம்" என்றான். செசிலி அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அம்மா அவன் மடியில் இருந்தாள். "சின்னவனே, எனக்கு ஈரல் வேணும்" என்றாள்.

"பெரியவன்கிட்டே கேளேன். அவனும் உம் பிள்ளைதானே" என்றான் மமாருட். அவன் நல்லவன். அதை நான் மறுக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவனுக்கு வேட்டை தெரியாது" என்றாள்.

நான் ஸ்பிரிங்கைத் துடைத்தேன். தட்டைத் துடைத்தேன். என் சட்டைப் பையில் ஜெனரேட்டருக்குப் போடும் கெட்டி எண்ணெய் ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. அது எப்போதும் என்னிடம் இருப்பதுதான், இதற்காகக் கொண்டுபோகவில்லை. விரலில் தொட்டு ஸ்பிரிங் முழுக்கத் தடவினேன். பெட்டியின் உள்சுவரிலும் தடவினேன். அடித்தகட்டைப் போட்டுத் தோட்டாக்களை நிரப்பினேன். சமையலறைச் சூட்டில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. புதுசு மாதிரி பளபளத்தது. துப்பாக்கி விற்கிற கம்பெனிக்காரனைக் கேட்டால் லேசாக எண்ணெய் போடும்படிதான் சொல்வான். அந்தக் கணக்கில் நான் தப்பே செய்யவில்லை.

அப்போது நான் நினைத்தது ஒன்றுதான். முதல் தோட்டா வெடிக்கும், அது ஏற்கெனவே வாயில் இருப்பது. அடுத்தது மேலே வராது. முதல் குண்டு தவறினால் சீல் கிடைக்காது. வெறுங்கையோடு வருவான். அம்மா அந்த ஒரு நாளாவது அவனைப் பார்த்து முகத்தைத் திருப்புவாள். அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பல நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை சறுக்குவண்டியில் நாய்களைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மமாருட் என்னைக் கேட்டான். "அண்ணே, காத்து எப்படி?"

என்னை ஏன் கேட்டான் என்றால், மின்நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்தால் ஊருக்கே காற்று தெரியும். நான் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தேன். புகை கடல் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று அடித்தால் ஓரத்துப் பனி கரையை விட்டுப் பிய்ந்து மிதந்து போகும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

"ஒண்ணும் இல்லேடா. நேரா நிக்குது" என்றேன்.

"ரேடியோவை எடுத்துக்கோ" என்று செசிலி வாசலிலிருந்து சத்தம் போட்டாள்.

"பேட்டரி செத்துக் கிடக்குடி. மத்தியானம் வந்துடுவேன், நீ பாத்திரத்தைக் கழுவி வை."

போய்விட்டான்.

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனைக்கு அந்தப் பக்கம் போன வேட்டைக்காரனை ஊரிலிருந்து பார்க்க முடியாது. போனும் எடுக்காது. ஆனால் வெடிச் சத்தம் கேட்கும். ஒரு வெடி என்றால் ஒரு சீல். மூச்சு விடாமல் தொடர்ந்து மூன்று வெடி என்றால் ஆபத்து, படகை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். குழந்தைகள்கூட விளையாட்டுக்கு மூன்று முறை கை தட்ட மாட்டார்கள்.

பதினொரு மணி வாக்கில் நாங்கள் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தோம். நான், செசிலி, பக்கத்து வீட்டுக் கேதியோன். கேதியோன் கிழவன், ஆனால் ஊரில் அவனைவிடப் பெரிய வேட்டைக்காரன் கிடையாது. முதல் வெடி கேட்டது.

"ஒண்ணு விழுந்தாச்சு. செசிலி, அண்டாவைத் தூக்கு" என்றான் கேதியோன்.

அவள் சிரித்துக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் காத்திருந்தேன். அடுத்த வெடி உடனே கேட்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவன் போல்ட்டை இழுத்துத் தள்ளியிருப்பான். துப்பாக்கியின் தோட்டா அறை காலி. மறுபடி இழுத்திருப்பான். காலி. மேகசினைக் கழற்றிப் பார்த்திருப்பான். உள்ளே தோட்டாக்கள் இருக்கும், மேலே வராது. கையுறையைக் கழற்றி, கத்தி நுனியால் ஒரு தோட்டாவை நெம்பி எடுத்து, வெறும் விரலால் அறைக்குள் வைத்திருப்பான்.

இரண்டாவது வெடி கேட்டபோது கேதியோன் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து முடித்திருந்தான்.

"ரெண்டு" என்றான். பிறகு நெற்றியைச் சுருக்கினான். "என்னடா தோபியாஸ், மமாருட் இப்படிச் சுட மாட்டானே. ஒண்ணைச் சுட்டா மத்ததெல்லாம் தண்ணிக்குள்ள ஓடியிருக்குமே."

அவன் என்னைப் பார்த்துத்தான் கேட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படகு எங்கள் காலடியில் இருந்தது.

"சீல் ஏறி வர்ற வேற குழிக்குப் போயிருப்பான். போற நேரம் ஆகுமில்ல" என்றேன்.

"அதுவும் சரி."

மூன்றாவது இன்னும் நேரம் கழித்து வந்தது. காற்று நிலத்திலிருந்து அடித்ததால் சத்தம் மெலிந்து கேட்டது. வீட்டு வாசலிலிருந்து அம்மா, "மூணு, மூணு" என்று கத்திக்கொண்டு குதித்தாள். செசிலி கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "மூணு சீலை வச்சு நான் என்ன பண்றது, பைத்தியக்காரன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேதியோன் மட்டும் புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு ஓடினான். அதற்குள் பனி போய்விட்டிருந்தது. நடுவே கறுப்புத் தண்ணீர், அதில் படகை இறக்க முடியாத அளவுக்கு அலை.

மீதியை நீங்கள் பார்த்தீர்கள். மிதந்துபோன பனித்துண்டில் நாய்கள் உயிரோடு இருந்தன. அவன் சறுக்குவண்டிமேல் சாய்ந்திருந்தான். வலது கை விரல்களில் தோல் இல்லை. குளிர் எடுத்தது என்று டாக்டர் சொன்னார். மேகசினின் வாயில் கத்திக் கீறல்கள் இருக்கின்றன பாருங்கள். அவன் மூன்றோடு நிறுத்தவில்லை. நான்காவதை எடுக்கப் பார்த்திருக்கிறான்.

இத்தனைக்கும் பிறகு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். செசிலி டென்மார்க் போவதைத் தள்ளிப்போட்டாள். அம்மா ஊரிலேயே இருந்தாள். நான் தினமும் மீனும் இறைச்சியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் உட்காரவில்லை, ஆனால் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாள், "பெரியவனே, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஜூன் மாதம் கேதியோனின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஊரில் அடுத்துப் பிறந்த குழந்தை. என்ன பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செசிலி அந்தக் குழந்தையைக் கையில் வாங்கி அழுதாள். "இவனை விட்டுட்டு நான் எங்கே போறது?" என்று சொல்லி, டிக்கெட்டை அன்றைக்கே ரத்து செய்துவிட்டாள். எனக்கு வேண்டியிருந்தது அதுதானே. அம்மா இனி எங்கும் போக மாட்டாள். ஆனால் அம்மா காலையில் எழுந்ததும் கேதியோன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்காருகிறாள். குழந்தையை மடியில் வைக்கிறார்கள். "சின்னவனே, எங்கேடா போயிட்டே இவ்வளவு நாள்?" என்று அதன் மூக்கைத் தொட்டுக் கேட்கிறாள்.

முந்தாநாள் நான் போனேன். வாசலில் நின்றேன். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "பெரியவனே, கதவைச் சாத்து. சின்னவனுக்குக் குளிரும்" என்றாள்.

சாத்தினேன். கேதியோனின் மகள் எழுந்து வந்து, "உன் தம்பியை ஒரு தடவை தூக்கிக்கோ மாமா. ரெண்டு பேரும் பேசி எவ்வளவு நாளாச்சு" என்று குழந்தையை நீட்டினாள். நான் கைகளைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மின்நிலையம் வரைக்கும் நடந்தேன். அங்கிருந்துதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

காற்றைப் பற்றிப் பொய் சொன்னேன். எண்ணெய் போட்டேன். வெடிகளின் அர்த்தம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றுக்கும் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். தம்பிமேல் எனக்கு எந்த நாளும் பொறாமை இருந்ததில்லை. மூத்தவன் என்ற முறையில் எது நல்லது என்று யோசிக்கிறேன், அவ்வளவுதான். முந்தாநாள் அந்தக் குழந்தையை என்னிடம் நீட்டியபோதும் அப்படித்தான் யோசித்தேன். குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கழுத்து இன்னும் நிற்கவில்லை.