அகமதாபாத்துக்கு நாலே மார்க்

மஞ்சுளா: அகமதாபாத்துக்கு நாலே மார்க்... ஜாதவ்பூருக்கு ஒம்போதா? யாருடீ திருத்தினது இந்தப் பேப்பரை?

ஹம்சினி: நான்தாம்மா. ரெண்டு காலேஜையும் வரி வரியா ஒப்பிட்டுப் பாத்துட்டேன். வடை எண்ணெய் காயுது, அதைப் பாரு.

மஞ்சுளா: காயட்டும். மோஷன் கிராஃபிக்ஸ் மேல்படிப்புக்கு அகமதாபாத்துல சீட்டு கெடச்சுதுன்னு போன வாரம் இந்தக் கல்கத்தா பெஹாலாவே அதிரக் குதிச்சது யாரு?

ஹம்சினி: அப்ப விசாரிக்கலை. அங்க கம்ப்யூட்டரெல்லாம் அரதப் பழசு. ஒரு எழுத்து அசைஞ்சு முடிக்கறதுக்குள்ள துர்கா பூஜையே வந்துரும்!

மஞ்சுளா: போன மாசம்தான் எல்லாத்தையும் புதுசா மாத்தினாங்களாம்.

ஹம்சினி: ...உனக்கெப்படித் தெரியும்?

மஞ்சுளா: நீ மேல சொல்லு.

ஹம்சினி: நல்ல வாத்தியார் ஒருத்தர் வேலையை விட்டுட்டாரு.

மஞ்சுளா: சினிமா டைட்டில் பண்றவர்தானே? லீவுல இருந்தாரு. திங்கக்கிழமை வந்துட்டாரு.

ஹம்சினி: அம்மா!

மஞ்சுளா: காலையில இந்தப் பேப்பர் கண்ணுல பட்டதும் அகமதாபாத்துக்கே போன் போட்டேன். ஆபீஸ்ல ஒரு அம்மா. என் இந்திக்கு நடுவுல பெங்காலி வந்து விழ... அவங்க சிரிக்க... அரை மணி நேரம்.

ஹம்சினி: போச்சு, மானமே போச்சு.

மஞ்சுளா: இதென்ன, சாப்பாட்டுக்குச் சைபர்?

ஹம்சினி: சாம்பார்ல வெல்லம் போடறாங்கம்மா!

மஞ்சுளா: பருப்புக்குச் சர்க்கரை போடற ஊர்ல பொறந்து வளந்தவ பேசற பேச்சா இது?

ஹம்சினி: ஜாதவ்பூர் மட்டும் மட்டமா? வீட்டுலேந்து ஒரே பஸ்...

மஞ்சுளா: நல்ல காலேஜ்தான். ஆனா அங்க உன் பாடம் ஒரே ஒரு பேப்பர்னு நீயே சொன்னே. போன பூஜைக்கு நம்ம தெருப் பந்தல்ல வெறும் பல்பை வெச்சே சிங்கத்தை நடக்கவிட்டியே... எதிர்வீட்டுப் பெங்காலி மாமி கை கூப்பி நின்னுட்டாங்களே! அப்படிப்பட்டவளுக்கு ஒரு பேப்பர் போதுமா?

ஹம்சினி: அப்ப விடியக்காலையில மாவு யாரு ஆட்டுவா? அந்தக் கிரைண்டர் கல்லை யாரு தூக்குவா? அப்பாவும் இல்லை... உன் முழங்காலோ...

மஞ்சுளா: ஆங்... இந்த வரியைப் பேப்பர்ல காணோமே! இதுக்கு எத்தனை மார்க்?

ஹம்சினி: மார்க்கை விடு, மாவுக்கு வழி சொல்லு.

மஞ்சுளா: பக்கத்துத் தெரு ராஜம்மாகிட்ட பேசிட்டேன். ஒண்ணாந்தேதிலேந்து மாவாட்ட நம்ம டிபன் கடைக்கு வர்றா.

ஹம்சினி: பிரயோஜனமில்லைம்மா. சீட்டு வேண்டாம்னு... நேத்தே மெயில் அனுப்பிட்டேன்.

மஞ்சுளா: தெரியும்.

ஹம்சினி: தெரியுமா?

மஞ்சுளா: அந்த ஆபீஸ் அம்மாதான் சொன்னாங்க. 'அதை எழுதினது என் மக இல்லீங்க, என் டிபன் கடையில மாவாட்டிட்டிருந்த பொண்ணு. அவளை இன்னிக்கே வேலையைவிட்டு நிறுத்தியாச்சு'ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சாயங்காலம் அஞ்சுக்குள்ள மக தன் கையால மெயில் போட்டா சீட்டு அவளுக்கேவாம். மணி நாலேகால்... கையைத் தொடச்சுட்டுப் போனை எடுடீ!