பில்லில் இருந்த கட்டில், மெத்தை, தலையணை ரெண்டு

பேரை ஆதார் அட்டையில இருக்கறபடி ஸ்டேஷன் ரைட்டர் அய்யா மேலேயே எழுதிக்கிட்டாரு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நானே திரும்பிப் பாக்க மாட்டேன். வெளியில எல்லாரும் கூப்பிடறது மெதுவா மேஸ்திரின்னு. சாமான் இறக்கும்போது "மெதுவா, மெதுவா"ன்னு கத்திக் கத்தி வந்த பேரு. வயசு எழுபத்தொண்ணு. எங்க வீட்டம்மா எழுபத்திமூணுன்னு சொல்லுவா, அவளை நம்ப வேணாம். தொழில், வீடு மாத்தறவங்க சாமானை ஏத்தி இறக்கறது. சொந்தமா வண்டி ஒண்ணு இருக்கு. படிப்பு நாலாங்கிளாஸ், அதுலயும் பாதி நாள் வெளியில நின்னது. விலாசம், பேக்கரிக்குப் பின்னாடி மஞ்சக் கட்டடம், மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊரு பூரா மாடி ஏறி எறங்கறவரு போயும் போயும் மூணாவது மாடியிலயா குடியிருக்கணும்னு ரைட்டர் அய்யா கேட்டாரு. வாடகை கம்மிங்கய்யா.

ஆஸ்பத்திரிக்காரங்க என் மேல குடுத்த புகாரை இன்ஸ்பெக்டரம்மா படிச்சுக் காட்டினாங்க. கட்டில் முதலான சாமான்களை நான் திருடிக்கிட்டுப் போனதா அதுல இருக்கு. திருடல. எடுத்துக்கிட்டுப் போனேன். யாரும் மிரட்டாம, நல்ல நினைவோட, ஸ்டேஷன் டீயைக் குடிச்சுட்டு இதைச் சொல்றேன். டீயில சர்க்கரை கம்மி, அதையும் எழுதிக்கங்கன்னேன், ரைட்டர் அய்யா மாட்டேன்னாரு, இன்ஸ்பெக்டரம்மா எழுதுங்கன்னாங்க.

இந்த மாசம் அஞ்சாந்தேதி காலையில எங்க வீட்டம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழ வலி வந்து, நிக்கவும் முடியாம உக்காரவும் முடியாம போனதால, என் கூட வேலை செய்யற ஒட்டகம்ங்கறவனை வரச்சொல்லி (பீரோவைத் தனியா முதுகுல தூக்குவான், அதான் அந்தப் பேரு, அவனுக்கே அம்பது வயசு ஆச்சு) ரெண்டு பேருமா அவளைக் கீழ இறக்கி எங்க வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்க கவுண்டர்ல இருந்த பொண்ணு முதல்ல கேட்டது என்ன வலின்னு இல்ல, இன்சூரன்ஸ் இருக்கான்னு. வண்டிக்கு இருக்கும்மான்னேன். ஆளுக்குன்னா. ஆளுக்கு இல்லன்னேன். இருபதாயிரம் கட்டிட்டு உக்காருங்கன்னா. அதுக்கப்புறம் டாக்டர் பாத்துட்டு, பித்தப்பையில கல்லு இருக்கு, பையோட எடுத்துடணும்னு சொல்லி, மறுநாள் ஆபரேஷன் பண்ணினாரு. நல்லா பண்ணினாரு. அவரு மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது, தங்கமான கை.

அதுக்கப்புறம் பத்தாந்தேதி வரைக்கும் ரூம்ல இருந்தோம். பக்கத்து ரூம்ல ஒரு டீச்சரம்மா. அதே கல்லு, அதே டாக்டர், அதே நாள் ஆபரேஷன். ரெண்டு பேரும் வராண்டாவுல மெல்ல நடக்கும்போது சிநேகமாயிட்டாங்க. பத்தாந்தேதி காலையில டீச்சரம்மாவுக்கு ஒரே ஒரு தாள்ல பில்லு வந்துச்சு. ரூம், கட்டில், கத்தி, கையுறை எல்லாம் அடக்கமா எண்பதாயிரம், மருந்து மட்டும் தனி, பூராத்தையும் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிடுச்சு. எங்களுக்கு ஆறு தாள்ல வந்துச்சு. ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரம். கவுண்டர்ல போய், ஏம்மா, எங்க வீட்டுக்காரி கல்லு மட்டும் என்ன வைரமான்னு கேட்டேன். அது கம்பெனி பேசி வாங்கின ரேட்டு தாத்தான்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நானும் பேசத் தயார்தாம்மா, எங்கிட்ட பேச யாரு வரான்னேன். மேனேஜர் மீட்டிங்ல இருக்காருன்னுச்சு. அது நல்ல பொண்ணு, சாப்பிடாம உக்காந்திருந்துச்சு, அதை இந்தக் கேசுல சேக்க வேணாம்.

அதுக்கப்புறம் வீட்டுல இருந்த ரொக்கமும், எங்க வீட்டம்மா வளையலை அடகு வெச்ச பணமும், ஏற்கனவே கட்டினதும் சேத்து தொண்ணூறாயிரம் ஆச்சு. வளையல் போனதுலருந்து அவ வலது கையைப் போர்வைக்குள்ளயே வெச்சிருந்தா. குளிருதான்னு கேட்டேன். ஆமான்னா. ஃபேன் ஓடல. பாக்கி அம்பத்திரெண்டாயிரத்துக்கு வண்டியோட ஆர்.சி. புக்கை வாங்கி வெச்சுக்கிட்டு, பாக்கியைக் கட்டிட்டு வாங்கிக்கங்கன்னுட்டாங்க. இருபதாந்தேதி வண்டிக்கு வருஷப் பரிசோதனை. புக்கு இல்லாம போனா ஓரங்கட்டிடுவாங்க. வண்டி நின்னா எங்க வீட்டு அடுப்பும் ஒட்டகம் வீட்டு அடுப்பும் சேந்து நிக்கும். இதுதான் எனக்கு இருந்த கவலை, வேற எதுவும் இல்ல.

அதுக்கப்புறம் நடந்ததை ஒழுங்காச் சொல்லச் சொல்லி இன்ஸ்பெக்டரம்மா ரெண்டு தடவை சொன்னாங்க. ஒழுங்காத்தான் சொல்றேன். ரூம்ல உக்காந்து அந்த ஆறு தாளையும் படிச்சேன். நான் படிச்ச இங்கிலீஷ் பூராவும் அட்டைப்பெட்டி மேல படிச்சது. எந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு எழுதி ஒட்டறது என் வேலைங்கறதால, வீட்டுச் சாமான் பேரு அத்தனையும் எழுத்துக்கூட்டிப் படிச்சுடுவேன். மத்தது எனக்குப் பூச்சி பறக்கற மாதிரி. அதனால ஆறு தாள்ல என் கண்ணுக்குப் பட்டது கட்டில் ஒண்ணு, மெத்தை ஒண்ணு, தலையணை ரெண்டு, குளுக்கோஸ் பாட்டில் மாட்டற ஸ்டாண்டு ஒண்ணு, சக்கர நாற்காலி ஒண்ணு, டிரே மூணு, பேசின் ஒண்ணு, தெர்மாமீட்டர் மூணு, கையுறை நாப்பத்தெட்டு ஜோடி. ஒவ்வொண்ணுக்கும் நேரா விலை. ஸ்டாண்டுக்கு மூவாயிரத்து இருநூறு.

எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. லிஸ்ட்ல ஏறிடுச்சுன்னா வண்டியில ஏறியாகணும். ஏத்த ஏத்த டிக் போடணும். ஒரு இஸ்திரிப்பெட்டியை விட்டுட்டு வந்ததுக்காக ஒரு வக்கீல் வீட்டுக்கு என் சொந்த டீசல்ல நாப்பது கிலோமீட்டர் திரும்பிப் போயிருக்கேன். சாமான் குறையா இருந்தா கீழ குறைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, காலி பண்ற வீட்டுல ஒரு காப்பி வெச்சுட்டு வரணும். அம்பது வருஷமா இப்படித்தான். ஆனாலும் கவுண்டருக்குத் திரும்பப் போய், இந்த லிஸ்ட்ல இருக்கறதெல்லாம் எங்களோடதாம்மான்னு கேட்டேன். ஆமா தாத்தா, எல்லாம் உங்க ஐட்டம்தான், வேற யாருதும் கலக்கலன்னு அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லுச்சு.

அதுக்கப்புறம் ஒட்டகத்தைக் கூப்பிட்டேன். வேலைக்குப் போடற எங்க நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு, கயிறும் கம்பளியும் எடுத்துக்கிட்டு வந்தான். எங்க வீட்டம்மாவை சக்கர நாற்காலியில உக்கார வெச்சு, மடியில தலையணையைக் குடுத்தோம். ரூம்ல ஒரு தலையணைதான் இருந்துச்சு. நர்ஸம்மாகிட்ட, பில்லுல ரெண்டு இருக்கேன்னு காட்டினேன், ஐயோ ஸாரி தாத்தான்னு ஓடிப்போய் இன்னொண்ணு கொண்டுவந்து குடுத்துச்சு. கட்டில்ல சக்கரம் இருந்ததால தூக்கற வேலையே இல்ல. எங்க வீட்டம்மா, "ஏங்க, இது நல்லாவா இருக்கு?"ன்னு கேட்டா. லிஸ்ட்ல இருக்குடின்னேன். சுத்தி ஒரு தடவை பாத்துட்டு, "அந்த ஜன்னல் திரை நல்லா இருக்கு, அதை விட்டுட்டீங்களே"ன்னா. அது லிஸ்ட்ல இல்ல, அடுத்தவங்க பொருளுக்கு ஆசைப்படாதேன்னு கண்டிச்சேன்.

அதுக்கப்புறம் லிஃப்ட்டுல இறங்கினோம். கட்டில் தள்ளிக்கிட்டுப் போற ஆளை உலகத்துல யாரும் கேள்வி கேக்கறதில்ல, வழிதான் விடுவாங்க. ஒரு டாக்டர் கதவைப் பிடிச்சுக்கிட்டாரு. வாசல்ல இருந்த செக்யூரிட்டி அண்ணன், சரிவுல பாத்து, மெதுவா, மெதுவான்னு எனக்கே சொன்னாரு. பின்பக்கம் பிடிச்சு ஏத்தியும் விட்டாரு. அவரையும் இந்தக் கேசுல சேக்க வேணாம். கிளம்பறதுக்கு முன்னாடி நர்ஸம்மா மேஜையில குறைக் காப்பியை வெச்சேன். அதுல நான் எழுதினது: தெர்மாமீட்டர் மூணுல ஒண்ணுதான் இருந்தது, குறை ரெண்டு. கையுறை ரெண்டு ஜோடி இருந்தது, குறை நாப்பத்தாறு. சீக்கிரம் அனுப்பி வைக்கவும். கீழ என் கையெழுத்து, விலாசம், போன் நம்பர்.

மறுநாள் போலீஸ்காரர் ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன், நீங்க எழுதி வெச்ச சீட்டுதான் புகாரோட இணைச்சிருக்குன்னாங்க. சாமான் எல்லாம் வண்டியிலயே பத்திரமா இருந்துச்சு. மூணாவது மாடிக்கு அந்தக் கட்டிலை எவன் ஏத்தறது.

இதுல எனக்குக் கொஞ்சமாவது குறும்பு இருந்துச்சான்னு இன்ஸ்பெக்டரம்மா கேட்டாங்க. இருந்துச்சு. அரைக்கால் பங்குன்னு எழுதிக்கலாம்.

இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு நான், எங்க வீட்டம்மா, ஒட்டகம் மூணு பேரும் சாமானோட ஸ்டேஷனுக்கு வந்தோம். அவளை வர வேணாம்னேன், தையல் பிரிக்கறதுக்குள்ள புருஷன் உள்ள போறதைப் பாக்க வேணாமான்னு கிளம்பிட்டா. ஆஸ்பத்திரி மேனேஜரும் வந்தாரு. மீட்டிங் முடிஞ்சுடுச்சுங்களான்னு விசாரிச்சேன், அவருக்கு அது பிடிக்கல. இன்ஸ்பெக்டரம்மா பில்லை வாங்கி ஒரு வரி விடாம படிச்சுட்டு, "இதெல்லாம் இவருக்கு வித்தீங்களா, விக்கலையா?"ன்னு கேட்டாங்க. அது உபயோகக் கட்டணம் மேடம்னு மேனேஜர் சொன்னாரு. அஞ்சு நாள் உபயோகத்துக்கு ஸ்டாண்டுக்கு மூவாயிரத்து இருநூறான்னாங்க. புது ஸ்டாண்டே ரெண்டாயிரம்தாங்க, கடையில விசாரிச்சேன், சக்கரத்தோடன்னு நான் சொன்னேன். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க பெரியவரேன்னு என்னையும் அதட்டினாங்க.

அதுக்கப்புறம், "வித்திருந்தா இது திருட்டு இல்ல. விக்கலைன்னா பில்லு தப்பு. ரெண்டுல எதை எழுதட்டும்?"னு கேட்டாங்க. மேனேஜர் வெளியில போய் யாருக்கோ போன் பண்ணினாரு. ஜன்னல் வழியாப் பாத்தேன், தலையை ஆட்டி ஆட்டிப் பேசினாரு. அந்தக் கால்மணி நேரம் எங்க வீட்டம்மா என் சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. சட்டை கசங்குதுடின்னேன், விடல.

மேனேஜர் உள்ள வந்து, பில்லுல சாமான் பேரு இருக்கற வரியெல்லாம் அடிச்சுடறோம்னாரு. டீச்சரம்மா பில்லைப் பத்தி நான் இன்ஸ்பெக்டரம்மாகிட்ட சொன்னேன். அதே கல்லுக்கு எப்படி ரெண்டு விலைன்னு அவங்க கேட்டாங்க. இவருக்கு இன்சூரன்ஸ் இல்லையே மேடம்னாரு. "இல்லாதவர்கிட்டதான் அதிகமா வாங்குவீங்களா?"ன்னாங்க. அவரு மறுபடி போன் பண்ண வெளியில போனாரு. இந்தத் தடவை சீக்கிரம் வந்துட்டாரு. எங்களுக்கும் அதே எண்பதாயிரம், மருந்து தனியா ஆறாயிரத்து ஐநூறு, ஆக எண்பத்தாறாயிரத்து ஐநூறுன்னு ஒரே தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. நான் கட்டினது தொண்ணூறாயிரம். அப்படின்னா மூவாயிரத்து ஐநூறு நீங்க எனக்குத் தரணும், அது வர்ற வரைக்கும் உங்க ஆம்புலன்ஸ் புக்கை எங்கிட்ட குடுத்து வெக்கறீங்களான்னு கேட்டேன். ரைட்டர் அய்யா பேனாவைக் கீழ வெச்சுட்டு சிரிச்சாரு. மேனேஜரும் சிரிச்சுட்டாரு, பாவம், சிரிச்சா நல்லாத்தான் இருக்காரு. பணத்தை அங்கயே எண்ணிக் குடுத்தாரு. பையிலருந்து என் வண்டி புக்கை எடுத்து மேஜை மேல வெச்சாரு. புகாரையும் திரும்ப வாங்கிக்கறதா எழுதிக் குடுத்தாரு.

அதுக்கப்புறம் ஸ்டேஷன் வாசல்ல சாமானை இறக்கினோம். ஒட்டகம் இறக்க, நான் பேரு சொல்ல, மேனேஜர் டிக் போட்டாரு. ஒண்ணும் உடையல, ஒரு கீறல் இல்ல. எல்லாம் முடிஞ்சதும் மெத்தை மடிப்புலருந்து ஒரு குட்டி பாட்டில் உருண்டு விழுந்துச்சு. உள்ள மூணு கல்லு, மிளகு சைஸுக்கு. மேனேஜர் அதை எடுத்து வெளிச்சத்துல ஆட்டிப் பாத்துட்டு, இது எந்த லிஸ்ட்லயும் இல்லையே, இது யாரோடதுன்னு கேட்டாரு.

எங்க வீட்டம்மா கையை நீட்டி வாங்கிக்கிட்டு, "அது நாங்க வீட்டுலருந்து கொண்டுவந்ததுங்க"ன்னா.

இம்புட்டும் நானே வாயால சொல்லி, ரைட்டர் அய்யா எழுதி, திரும்பப் படிச்சுக் காட்டக் கேட்டேன். நடந்தது இதுதான், இதுல பொய்யி ஒண்ணும் கலக்கல. ஒத்துக்கிட்டுக் கீழ கையெழுத்துப் போடறேன்.

(ஒப்பம்)
மெதுவா மேஸ்திரி