ஒரு பக்கமும் தொலையாத நூலகம்

நூலகத்துக்குள் தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுவரக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவன் நான்தான், ஐயா. ஆவடியைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் இந்தச் சட்டப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, காலமான வக்கீல்களின் வீடுகளிலிருந்து பழைய தீர்ப்புத் தொகுதிகளை வேனில் ஏற்றி வந்து அடுக்கியவனும் நானே. வெள்ளிவிழா மலருக்கு நூலக வரலாற்றை எழுதும் வேலையும் அதனால்தான் என்னிடம் வந்தது. 'ஒரு பக்கம்கூடத் தொலையாத நூலகம்' என்று தொடங்கியிருந்தேன். துணைவேந்தர் படித்துவிட்டுத் தோளைத் தட்டினார்.

அடுத்த வாரம் ஜெபா வந்தாள். எங்கள் இலவசச் சட்ட உதவி மையத்தைப் பார்த்துக்கொள்ளும் இறுதியாண்டு மாணவி. நெமிலிச்சேரியில் சுலைமான் என்பவர் தகப்பன் காலத்திலிருந்து குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு. அவர் பக்கம் பேசும் ஒரே பழைய தீர்ப்பு எங்கள் தொகுதி ஒன்றில் இருந்தது. இணையத்தில் கிடையாது.

"பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா. அடுத்த வாரம் வந்துடும்" என்றேன்.

பைண்டிங்குக்குப் போன புத்தகத்தை எங்களிடம் யாரும் தேட மாட்டார்கள். அது என் பீரோவில் இருந்தது. ஹைகோர்ட் நூலகத்தில் இன்னொரு பிரதி உண்டு என்பது அவளுக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். சொன்னால், இங்கே இருப்பதற்கு என்ன ஆயிற்று என்று கேட்பாளே.

ஒருநாள் சுலைமானே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"சார், இதான் கடைசி வாய்தாவாம். அந்த புக்கு வந்துட்டா ஊடு நிக்கும்னு பாப்பா சொல்லிகினு கீது. வந்துருமா சார்?"

வந்துவிடும் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூசியது.

வாய்தா முடிந்தது. வீட்டை இடித்தார்கள். சில நாளில் சுலைமானைத் திருநின்றவூர் ஏரியிலிருந்து எடுத்தார்கள். ஜெபா அழுதுகொண்டே வந்து எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? பைண்டர் லேட் பண்ணிட்டான்." அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நடந்தது இதுதான். கொட்டகைக் காலத்துத் தொகுதி என்று மலருக்காக அதை எடுத்து வைத்திருந்தேன். என் டீ டம்ளர் அதன்மேல் சரிந்தது. ஒட்டிய தாள்களைப் பிரிக்கப்போய் அந்தத் தீர்ப்பு கிழிந்தது. சுருட்டிக் குப்பையில் போட்டேன். நானே மாட்டிய பலகைக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தேன் என்று தெரிந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த வெட்கத்துக்காக ஒரு மனிதரைச் சாகவிட்டேன்.

நேற்று ஹைகோர்ட் நூலகத்துக்குப் போய் அந்தப் பக்கங்களை நகலெடுத்து வந்து ஒட்டிவிட்டேன். அரை நாள்கூட ஆகவில்லை. தொகுதி இப்போது முழுசாக இருக்கிறது, ஐயா. மலரின் முதல் வரியை மாற்ற வேண்டியதில்லை.